ஒரே கலவை, இரண்டு பாதி: உங்கள் கைக்கு ஏற்ற சோப்பு முறையைக் கண்டுபிடிக்க ஒரு வழி

வீட்டில் சோப்பு செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த முறை நல்லது?" என்பதைத்தான். ஒருவர் கோல்டு பிராசஸ் (குளிர் முறை) என்பார், இன்னொருவர் ஹாட் பிராசஸ் (சூட்டு முறை) என்பார், மூன்றாமவர் ஏற்கெனவே தயாரான சோப் பேஸை வாங்கி உருக்கினால் போதும் என்பார். அவரவர் கைக்குப் பழகியதை அவரவர் சொல்கிறார்கள். உங்கள் பொறுமை, அடுப்பங்கரை, நேரம் எல்லாம் வேறு. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, ஒரே கலவையைத் தயாரித்து அதில் பாதியைக் குளிர் முறையிலும் மீதியைச் சூட்டு முறையிலும் முடித்துப் பார்ப்பது மேல். எண்ணெயும் ஒன்று, காரமும் ஒன்று, மாறுவது முறை மட்டும். ஆறு வாரத்தில் விடை உங்கள் சோப்புத் தட்டிலேயே இருக்கும்.

கீழே முழு அளவும் படிகளும் உள்ளன. அதற்குமுன் அடிப்படை கொஞ்சம் தெரிய வேண்டும்.

எந்த முறையிலும் நடப்பது ஒன்றுதான்

எண்ணெயும் காரமும் வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். கட்டி சோப்புக்குக் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரம் இல்லாமல் சோப்பு கிடையாது. சரியாக அளந்து செய்து முடித்த சோப்பில் காரம் மிச்சமிருக்காது. இவ்விரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. "காஸ்டிக் சோடா சேர்க்காத சோப்பு" என்று யாராவது சொன்னால், அந்த வேலையை அவருக்கு முன்னால் வேறொருவர் செய்து முடித்திருக்கிறார் என்றே பொருள்.

குளிர் முறையில் வினை தன் சூட்டிலேயே நடக்கிறது. கலவையை அச்சில் ஊற்றிய பிறகு ஒன்றிரண்டு நாட்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். சூட்டு முறையில் வெளியிலிருந்து வெப்பம் கொடுத்து அதே வினையை ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிறோம். வேறுபாடு அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

சோப் பேஸ் உருக்கும் முறை தனி வகை. காரத்தைத் தொடவே வேண்டாம் என்பதால், சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கும், நிறமும் வடிவமும் மட்டும் விளையாடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதுவே பொருத்தம். 500 கிராம் பேஸை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து மூடி போட்டு உருக்க வேண்டும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். அதிகம் காய்ந்தால் நீர் ஆவியாகி, சோப்பு ரப்பர் மாதிரி ஆகிவிடும். வாசனை எண்ணெய் 10 கிராமுக்குள். ஊற்றியதும் மேலே வரும் குமிழிகள் மீது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் உடைந்துவிடும். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஃப்ரீசரில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலெல்லாம் வியர்க்கும். பேஸில் கிளிசரின் அதிகம், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அச்சிலிருந்து எடுத்த உடனே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுவதே இதற்கு மருந்து. பழச்சாறு, பால், அரைத்த இலை எதையும் இதில் சேர்க்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போது உட்பொருள் பட்டியலையும் பாருங்கள். சில பேஸ்களில் பெரும்பகுதி சோப்பே அல்ல, நுரை தரும் டிடர்ஜென்ட். இந்த முறையில் எண்ணெயின் தேர்வு உங்கள் கையில் இல்லை. அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

காரத்தைக் கையாளுவது

பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அலட்சியம் மட்டும் கூடவே கூடாது. கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு. மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது.

காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றவே கூடாது. மாற்றிச் செய்தால் ஒரே இடத்தில் சூடு குவிந்து, கரைசல் கொதித்து மேலே தெறிக்கும். கரையும்போது வெப்பம் 80 முதல் 90 டிகிரி வரை ஏறும், நெடியான ஆவியும் வரும். ஜன்னலோரத்திலோ திறந்த வெளியிலோ கலக்குங்கள். முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கெட்டியான பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் (அடியில் 5 என்று எண் இருக்கும்). அலுமினியம் அறவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். நான்ஸ்டிக் பாத்திரத்துக்கும், கலவையில் முங்கும் தண்டு அலுமினியத்தில் இருக்கும் ஹேண்ட் பிளெண்டருக்கும் இதே விதி. கண்ணாடிக் குவளை பத்துத் தடவை தாங்கும், பதினோராவது தடவை திடீரென விரிசல் விடும். அதையும் தவிர்க்கலாம்.

தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வினிகர் ஊற்றச் சொல்லும் பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். அமிலமும் காரமும் சேரும்போது புதிதாக வெப்பம் உண்டாகும், பட்ட காரத்தைக் கழுவி நீக்கும் வேலையும் தாமதமாகும். மேசையைத் துடைக்க வினிகர் பயன்படட்டும், தோலுக்கு வேண்டாம்.

காஸ்டிக் சோடா வாங்கும்போது தூய்மை 97 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகளில் அலுமினியத் துணுக்குகளும் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். அவை சோப்புக்கு ஆகாது. டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டிப்படும். அப்படிப்பட்ட காரத்தின் எடையில் ஒரு பகுதி வெறும் தண்ணீர் என்பதால் கணக்கு தப்பும், சோப்பு மெத்தென்று நின்றுவிடும்.

அளவு: எதற்கு எவ்வளவு

எல்லாம் எடையில்தான், திரவமும் சேர்த்து. கப், ஸ்பூன், மில்லி லிட்டர் கணக்கு இங்கே உதவாது. எண்ணெய்க்கு 1 கிராம் துல்லியமுள்ள தராசு போதும், காரத்துக்கு 0.1 கிராம் காட்டும் தராசு நல்லது.

சோதனைக் கலவை இது:

தேங்காய் எண்ணெய் 300 கிராம்
ஆலிவ் எண்ணெய் 650 கிராம்
ஆமணக்கு எண்ணெய் 50 கிராம்
காஸ்டிக் சோடா 141.6 கிராம்
தண்ணீர் (காய்ச்சி வடித்தது) 330 கிராம்

தேங்காய் எண்ணெய் கடினத்தையும் பெரிய நுரையையும் தரும். ஆனால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் 30 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஆலிவ் மென்மைக்கு. ஆமணக்கு, நுரை சட்டென்று அடங்காமல் பிடித்து வைக்க. 5 சதவீதம் போதும், 10-ஐத் தாண்டினால் சோப்பு பிசுபிசுக்கும்.

காரத்தின் அளவு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அடுத்த தடவை எண்ணெயை மாற்றினால் இதுவும் மாற வேண்டும். ஒவ்வோர் எண்ணெயும் ஒரு கிராமுக்கு எவ்வளவு காஸ்டிக் சோடாவை ஏற்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு: தேங்காய்க்கு 0.183, ஆலிவுக்கு 0.135, ஆமணக்குக்கு 0.128. பெருக்கினால் 54.9, 87.75, 6.4, கூட்டினால் 149.05 கிராம். இது எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கத் தேவையான காரம். அதில் 5 சதவீதத்தைக் குறைத்தால் 141.6. குறைத்த அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் மிச்சமிருக்கும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். தோலுக்கு இதம் தருவது ஒரு பயன், பாதுகாப்பு இன்னொரு பயன். இந்த எண்கள் எண்ணெய்க்கு எண்ணெய், அறுவடைக்கு அறுவடை சற்று மாறும். தராசும் ஒரு கிராம் பிசகலாம், அந்த ஒரு கிராம் இங்கே ஏறக்குறைய 0.7 சதவீதம். 5 சதவீத இடைவெளி இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இல்லை என்று அதே அளவு சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினால் எந்த இடைவெளியும் தாங்காது, காரம் மிஞ்சிவிடும்.

தண்ணீர் 330 என்பது இரு முறைக்கும் பொதுவாக வைத்த சமரசம். கரைசலில் காரம் 30 சதவீதம். குளிர் முறைக்கு இந்தத் தண்ணீர் கொஞ்சம் அதிகம், சூட்டு முறைக்குக் கொஞ்சம் குறைவு.

முதல் சோதனையில் வாசனையும் நிறமும் வேண்டாம். இந்தத் தொழிலில் எதிர்பாராத தொல்லை பெரும்பாலும் வாசனை எண்ணெயிலிருந்துதான் வரும். அதைச் சேர்த்துவிட்டால் கோளாறு முறையினாலா வாசனையினாலா என்று பிரித்தறிய முடியாது.

பொதுவான படிகள்: டிரேஸ் வரை

1. அச்சுகள், கரண்டி, வெப்பமானி, பழைய துண்டு எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள். குளிர் பாதிக்கு 750 மி.லி. கொள்ளும் அச்சு ஒன்று, சூட்டுப் பாதிக்கு அதே அளவு இன்னொன்று. சூட்டுப் பாதியை வேகவைக்கும் பாத்திரம் குறைந்தது இரண்டரை லிட்டர் கொள்ள வேண்டும், கலவை பொங்கும்.

2. தண்ணீரைப் பாத்திரத்தில் எடை போடுங்கள். காரத்தைத் தனி டப்பாவில் எடை போட்டு, சிறிது சிறிதாகத் தண்ணீரில் தூவிக் கலக்குங்கள். அடியில் கட்டி நிற்கக் கூடாது. வெள்ளையாகக் கலங்கியிருக்கும் கரைசல் சில நிமிடங்களில் தெளியும். குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள். பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும் என்பதால் பாத்திரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

3. தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கி, மற்ற இரண்டையும் சேருங்கள்.

4. எண்ணெயும் கரைசலும் 38 முதல் 43 டிகிரிக்கு வந்ததும், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் ஒரே டிகிரியில் இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் போராடத் தேவையில்லை; ஐந்தாறு டிகிரி முன்பின் இருந்தால் ஒன்றும் ஆகாது.

5. ஹேண்ட் பிளெண்டரைச் சாய்த்து உள்ளே விட்டு, அடியில் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மூன்று நான்கு விநாடி ஓட்டுவது, பிறகு நிறுத்திவிட்டு அதையே கரண்டியாகக் கொண்டு கலக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். விடாமல் ஓட்டினால் காற்றும் புகும், கலவையும் உங்கள் கையை மீறிக் கெட்டியாகும்.

6. கரண்டியால் எடுத்து மேலே ஒழுகவிட்டால், விழுந்த கோடு உடனே மறையாமல் ஓரிரு விநாடி மேலே நிற்கும். அதுதான் டிரேஸ். எண்ணெய்ப் பளபளப்பு எங்கும் தெரியக் கூடாது. ஆலிவ் அதிகமுள்ள கலவை என்பதால் இதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம். கையால் மட்டும் கலக்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும்.

மொத்தம் 1,470 கிராம் கலவை இருக்கும். பாத்திரத்தில் ஒட்டுவதைக் கழித்து, 730 கிராமை எடை பார்த்துக் குளிர் அச்சில் ஊற்றுங்கள். மீதி அடுப்புக்கு.

குளிர் பாதி

அச்சை இரண்டு முறை மேசையில் தட்டிக் காற்றை எடுத்து, மேலே அட்டை வைத்துத் துண்டால் சுற்றுங்கள். சில மணி நேரத்தில் நடுப்பகுதி நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை அடையலாம். ஜெல் நிலை என்பது அதுதான். அச்சு முழுவதும் ஜெல் ஆனாலும் சரி, எங்குமே ஆகாவிட்டாலும் சரி. நடுவில் மட்டும் ஆனால் வெட்டும்போது கருமையான வட்டம் தெரியும். அழகுக் குறைதான், தரக் குறை அல்ல.

48 மணி நேரம் தொடாதீர்கள். அச்சின் ஓரத்தை இழுத்தால் சோப்பு ஒட்டாமல் பிரிய வேண்டும். ஒட்டினால் இன்னொரு நாள். சிலிக்கான் அச்சு காற்றுப் போகவிடாது, அதனால் மூன்று நான்கு நாள்கூட ஆகும். எடுத்து 2.5 செ.மீ. கனத்தில் வெட்டுங்கள். இந்தக் கட்டத்தில் கையுறை போட்டே தொடுங்கள்.

சூட்டுப் பாதி

மீதிக் கலவையில் 25 கிராம் வெந்நீர் சேர்த்துக் கலக்கி, ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டிலோ, மெல்லக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலோ வைத்து மூடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் அடிப்பிடிக்கும்.

முதல் 15 நிமிடத்தில் ஓரங்கள் உப்பும். மேலே ஏறி வந்தால் கலக்கி அடக்குங்கள். சில சமயம் எண்ணெய் பிரிந்து, கலவை திரிதிரியாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், நடுவழியில் இருக்கிறது. பிறகு மசித்த உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாகும். ஓரத்தில் தொடங்கும் கண்ணாடித்தன்மை மெல்ல நடுவுக்கு நகரும். எங்கும் வெள்ளைத் திட்டு இல்லாமல் முழுவதும் பளபளப்பான, பாதி ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்தால் முடிந்தது. 45 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை ஆகலாம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து கலக்கினால் நீர் போய்க் கலவை வறண்டுவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

வெந்ததா என்று பார்க்க, பட்டாணி அளவு எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். ஈர விரலால் அதைத் தேய்த்து, விரலை நாக்கு நுனியில் லேசாக வையுங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. மின்கலத்தை நக்கியது போல் சுரீர் என்றால் காரம் மிச்சமிருக்கிறது. இன்னும் 15 நிமிடம் வேகட்டும். pH காகிதம் இதற்கு நம்பகமானதல்ல. நல்ல சோப்பே 9 முதல் 10.5 வரை காட்டும். கொஞ்சம் காரம் மிஞ்சியதைக் காகிதம் பிரித்துக் காட்டாது.

அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் கரண்டி கரண்டியாகப் போட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் அச்சை ஓங்கித் தட்டுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது உள்ளே பொந்துகள் இருக்கும். மறுநாள் வெட்டலாம்.

உலர்வதும் ஒப்பிடுவதும்

"சூட்டு முறைச் சோப்பை மறுநாளே பயன்படுத்தலாம்" என்பது பாதி உண்மை. பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்தான், ஆனால் ஈரம் நிறைந்திருப்பதால் நான்கு குளியலில் கரைந்துபோகும். உலர்த்தும் காலம் காரம் அடங்குவதற்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் முறையிலும் வினை முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் வாரக்கணக்கில் நடப்பது நீர் வெளியேறுவதும், சோப்பின் உள்ளமைப்பு இறுகுவதும். இரண்டு பாதிக்கும் அது தேவை.

இரண்டையும் அடையாளமிட்டு, ஒன்றையொன்று தொடாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கம்பித் தட்டில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு கட்டியை வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் 1 கிராமுக்கும் குறைவாக இறங்கும் நிலை வந்தால் உலர்ந்துவிட்டது. சூட்டுப் பாதிக்கு மூன்று நான்கு வாரம், குளிர் பாதிக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆலிவ் மட்டும் போட்டுச் செய்யும் சோப்புக்கு ஆறு மாதம்கூடக் காத்திருப்பார்கள்.

இரண்டையும் வெட்டியதும் தோற்றத்தைப் பாருங்கள்: குளிர்ப் பாதி வழுவழுப்பு, கூர்மையான விளிம்பு, சூட்டுப் பாதி கரடுமுரடு. இரண்டாம் வாரத்தில் சூட்டுப் பாதியில் ஒரு கட்டியைக் கை கழுவப் போடுங்கள், குளிர்ப் பாதியில் நாக்குச் சோதனை மட்டும். ஆறாம் வாரத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தி நுரை, வழவழப்பு, தேய்மானம், கழுவிய பின் தோலின் இறுக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நுரையில் வேறுபாடு மிகக் குறைவாகவே தெரியும், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது எண்ணெய். ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும்போது சோப்பை மட்டும் பார்க்காமல், செய்தபோது உங்களுக்கு எது சள்ளையாக இருந்தது என்பதையும் பாருங்கள். அச்சில் ஊற்றிவிட்டு மறந்துபோவது பிடித்ததா, அடுப்படியில் நின்று பதம் பார்ப்பது பிடித்ததா?

சில தேவைகள் முறையைத் தாமே முடிவு செய்துவிடும். இரண்டு மூன்று நிறங்களைச் சுழித்து ஊற்ற வேண்டுமென்றால் குளிர் முறைதான். வெந்த கலவையில் கோடு வராது. பால் சேர்க்க வேண்டுமென்றாலும் அதுவே. தண்ணீருக்குப் பதில் பாலை உறையவைத்து, அந்தக் கட்டிகளின் மேல் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சூடேறினால் பாலிலுள்ள சர்க்கரை கருகும். விலை உயர்ந்த ஓர் எண்ணெய் சோப்பில் எண்ணெயாகவே மிஞ்ச வேண்டும் என்றால் சூட்டு முறை. குளிர் முறையில் டிரேஸ் வந்த பிறகு அதைச் சேர்த்தாலும் பயனில்லை. காரத்தில் பெரும்பகுதி அப்போதும் வினைபுரியாமல் காத்திருக்கிறது, எந்த எண்ணெயைப் பிடிக்கும் என்று நாம் சொல்ல முடியாது. வெந்து முடிந்த பிறகு சேர்த்தால் பிடிப்பதற்குக் காரமே இருக்காது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. குளிர் முறையில் ஊற்றிய அச்சை, 75 டிகிரிக்குச் சூடாக்கி அணைத்த ஓவனில் வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுவது. முழு ஜெல் நிச்சயம், வழுவழுப்பும் கெடாது. எளிதில் சூடேறும் பால், தேன், சர்க்கரை சேர்ந்த கலவைக்கு மட்டும் இது வேண்டாம். நடுவில் வெடித்துப் பொங்கி வழியும்.

எங்கே தவறும், ஏன்

மேலே வெள்ளைப் பொடி படர்ந்தால், வினைபுரியாத காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகியிருக்கிறது. தீங்கில்லை, ஆவியில் காட்டினாலோ கழுவினாலோ போய்விடும். தண்ணீரைக் குறைப்பதும், ஊற்றியதும் மூடுவதும் இதைத் தடுக்கும். சூட்டு முறையில் இது வருவதில்லை.

மேற்பரப்பில் மறுநாள் எண்ணெய் மிதந்தால் டிரேஸ் பொய்யானது. பாமாயில், கோகோ வெண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்புகள் ஆறி உறையும்போது கலவை கெட்டியானது போல் ஏமாற்றும். அவற்றை அதிகம் சேர்க்கும் கலவையை 45 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பிரிந்ததை அப்படியே பாத்திரத்தில் கொட்டிச் சூட்டு முறையில் வேகவைத்தால் மீட்டுவிடலாம். சூட்டு முறையைக் கற்று வைத்திருப்பதன் பெரிய லாபம் இதுதான்: குளிர் முறையின் தோல்விகளில் பாதியை அது காப்பாற்றும்.

வெட்டினால் உதிர்ந்து, நாக்கில் சுரீர் என்றால் காரம் கூடிவிட்டது. எவ்வளவு கூடியது என்று குறிப்பிலிருந்து தெரிந்தால் சரிசெய்யலாம். கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் 7.4 கிராம் ஆலிவ் எண்ணெய் வேண்டும். சூப்பர்ஃபேட்டுக்காக இன்னும் சற்றுச் சேர்த்து, சோப்பைத் துருவி, 500 கிராமுக்கு 40 கிராம் வரை தண்ணீர் தெளித்து, மெல்லிய சூட்டில் உருக்கி மறுபடி வேகவையுங்கள். எவ்வளவு கூடியது என்று தெரியாவிட்டால் எறிந்துவிடுவதே நல்லது. கட்டிக்குள் வெள்ளைக் குழிகளும் அதில் நீரும் தெரிந்தால், காரம் கரையாமல் போயிருக்கிறது, அதையும் பயன்படுத்தாதீர்கள்.

சில மாதங்கள் கழித்து ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால் மிச்ச எண்ணெய் கெட்டுவிட்டது. பழைய எண்ணெய், 8 சதவீதத்தைத் தாண்டும் சூப்பர்ஃபேட், சூரியகாந்தி போன்ற மெல்லிய எண்ணெய்கள் 15 சதவீதத்துக்கு மேல் போவது, துருப்பிடித்த கம்பித் தட்டு ஆகியவை வழக்கமான காரணங்கள்.

வாசனை எண்ணெய் சேர்த்ததும் கலவை ஒரு நொடியில் கல்லாகிவிட்டதா? கிராம்பு எண்ணெயும் பல பூ வாசனைகளும் அப்படிச் செய்யும். அடுத்த தடவை மெல்லிய டிரேஸிலேயே சேர்த்துக் கையால் கலக்குங்கள், பிளெண்டர் வேண்டாம். அளவு, எண்ணெய் எடையில் 3 சதவீதத்துக்குள். விற்பவர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த அளவு. கிராம்பும் பட்டையும் தோலை உறுத்தும் என்பதால் 3 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. சூட்டு முறையில் கலவை 80 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு சேர்த்தால் இதில் பாதித் தொல்லை இல்லை, கொஞ்சம் குறைவாகவும் போதும்.

தேர்ந்தெடுத்த பிறகு

குளிர் முறை பிடித்துப்போனால் இதே கலவைக்குத் தண்ணீரை 283 கிராமாகக் குறையுங்கள். காரத்தைப் போல் இரண்டு மடங்கு. அச்சிலிருந்து ஒரு நாள் முந்தி எடுக்கலாம், வெள்ளைப் பொடியும் குறையும். ஆனால் டிரேஸ் சற்று வேகமாக வரும்.

சூட்டு முறை பிடித்துப்போனால் தண்ணீரை 380 கிராமாக்குங்கள். வெந்து முடிந்ததும் எண்ணெய் எடையில் 2 முதல் 3 சதவீதம் சோடியம் லாக்டேட் கரைசல் சேர்த்தால் கலவை தளர்ந்து, அச்சில் சீராக இறங்கும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத்தண்ணீராக இருந்தால், எந்த முறையாயினும் 1,000 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிடுங்கள். குளியலறைச் சுவரில் படியும் வெள்ளைப் படலம் குறையும். அந்த அமிலம் 6.2 கிராம் காரத்தைத் தின்றுவிடும். அதையும் கூட்டிக் காஸ்டிக் சோடாவை 147.8 கிராமாக எடுக்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுகிறவர்கள் இந்தக் கூட்டலை மறந்துவிட்டு, சோப்பு ஏன் இறுகவில்லை என்று தேடுவார்கள்.

புது அச்சு வாங்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 0.7-ஆல் பெருக்குங்கள், தேவைப்படும் எண்ணெயின் எடை கிராமில் கிடைக்கும். 20க்கு 7க்கு 6 அச்சுக்கு 588 கிராம். மேலே உள்ள ஒவ்வோர் அளவையும் 0.588-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.